ஏவும் கருத்தாவும் இயற்றாத கரமும்

ஒரு செயலை விரும்பியவன், அதை ஏவியவன், அதைச் செய்து முடித்தவன் ஆகிய மூவரும் வேறுவேறாக இருக்கும்போது அச்செயல் யாருடையது என்னும் வினா, சமயத் தத்துவத்திலும் அறவியலிலும் இலக்கணத்திலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. உலகை இறைவன் இயக்குகிறான் என்றால் உயிர்கள் தம் வினைக்கு எவ்வாறு பொறுப்பாகும் என்று சமயவாதிகள் கேட்டனர். உடலை உயிர் இயக்குகிறது என்றால் உருவமற்ற உயிர் உருவமுள்ள உடலை எவ்விடத்தில் பற்றி அசைக்கிறது என்று மெய்யியலாளர் கேட்டனர். 1643ஆம் ஆண்டு மே மாதம் பொஹீமிய இளவரசி எலிசபெத், பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே தெகார்த்துக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது இந்த இரண்டாவது வினாவையே. தெகார்த் எழுதிய விடைகள் அவரை நிறைவு செய்யவில்லை. 1748இல் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் இதே வினாவை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். கையை உயர்த்த விரும்புகிறவன் நேரடியாக இயக்குவது கையை அன்று, தசைகளையும் நரம்புகளையும் அவற்றினும் நுண்ணிய, அவன் ஒருபோதும் அறிந்திராத பொருள்களையும்தான் என்றும், திடீரெனப் பக்கவாதத்தால் கை செயலிழந்தவனும் முதலில் அதே முயற்சியைச் செய்து பார்க்கிறான் என்றும் எடுத்துக்காட்டி, விருப்பத்தை அசைவாக மாற்றும் ஆற்றலை எவரும் தமக்குள் உணர்வதில்லை, ஒன்றை ஒன்று தொடர்வதை அனுபவத்தால் அறிவதோடு சரி என்று அவர் முடிவு கட்டினார்.

ஹியூமுக்கு இருளாக இருந்த அந்த இடைவழி முழுவதும் வெளிச்சத்தில் கிடந்தால் வினா தீர்ந்துவிடுமா என்று சோதித்துப் பார்ப்பதற்கு, தத்துவ நூல்களில் இடம்பெறாத ஒரு சிறிய பொருள் துணை செய்கிறது. பொழுதுபோக்காக ரோபோ கட்டுவோர் மேசைமேல் வைத்து, யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, நிரல் எழுதி அசைக்கும் பிளாஸ்டிக் கரம் அது. விருப்பம் புறப்படும் விசைப்பலகையிலிருந்து பல்சக்கரம் சுழலும் மூட்டு வரை, இடையில் உள்ள ஒவ்வொரு படியையும் அதில் எண்ணிச் சொல்லிவிட முடியும்.

இத்தகைய கரங்களில் பலரும் அறிந்தது ஓ.டபிள்யூ.ஐ. நிறுவனத்தின் 'ரோபோட்டிக் ஆர்ம் எட்ஜ்' என்னும் தொகுப்பாகும். அடித்தளம், தோள், முழங்கை, மணிக்கட்டு, பற்றுக்கொறடு என்னும் ஐந்து இடங்களில் ஐந்து மின்மோட்டார்கள் உண்டு. பெரிய அளவு மின்கலங்கள் நான்கு அவற்றுக்கு ஆற்றல் தருகின்றன. கொறட்டின் அருகே ஒரு சிறு விளக்கும் இருக்கிறது. கணினி இந்தக் கரத்துக்குச் சொல்லக்கூடியது அனைத்தும் மூன்று பைட்டுகளில் அடங்கிவிடும். பைட் என்பது எட்டுப் பிட்டுகளின் தொகுதி. பிட் என்பது சுழியோ ஒன்றோ ஆகிய ஒரே ஓர் இலக்கம். முதல் பைட்டின் எட்டுப் பிட்டுகள் இரண்டிரண்டாகப் பிரிந்து கொறடு, மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகியவற்றுக்கும், இரண்டாம் பைட் அடித்தளத்தின் சுழற்சிக்கும், மூன்றாவது விளக்குக்கும் உரியவை. ஒரு மோட்டாருக்குரிய இரு பிட்டுகள் 00 என்றால் நிற்றல், 01 என்றால் ஒரு திசையில் ஓடுதல், 10 என்றால் எதிர்த்திசையில் ஓடுதல்.

இந்த அமைப்பில் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 'முழங்கையை முப்பது பாகை உயர்த்து' என்றொரு கட்டளை இந்தக் கரத்துக்கு இல்லை. 'முழங்கை மோட்டார் ஓடட்டும்' என்பது மட்டுமே உண்டு. ஓடத் தொடங்கிய மோட்டார், நிற்கச் சொல்லும் மற்றொரு கட்டளை வரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மூட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அளந்து சொல்லும் உணரி எதுவும் கரத்தில் இல்லாததால், அது தன் நிலையைத் தானும் அறியாது, கணினிக்கும் அறிவிக்காது. எல்லையைத் தாண்டியும் மோட்டார் ஓடினால் பாதுகாப்புக்காக வைத்த பல்சக்கரம் வழுக்கிக் கடகடவென்று ஒலிக்கும். அந்த ஒலி மேசையருகே இருக்கும் மனிதரின் காதில் விழும், நிரலுக்கு எட்டாது.

கம்பியின் இயல்பும் இதற்கு ஒத்ததே. 1996இல் வெளிவந்த யூ.எஸ்.பி. நெறிமுறையில் கணினி 'ஹோஸ்ட்' எனப்படும் தலைமையிடத்தில் இருக்கிறது. எல்லாப் பரிமாற்றத்தையும் அதுவே தொடங்குகிறது. கேட்கப்படாமல் பேசும் உரிமை இணைக்கப்பட்ட கருவிக்கு இல்லை. கரத்துக்குரிய மூன்று பைட்டுகளும் 'கட்டுப்பாட்டுப் பரிமாற்றம்' என்னும் வகையில், முன்னே எட்டுப் பைட் கொண்ட ஓர் அறிமுகப் பொதி செல்ல, அதன் பின்னே செல்கின்றன. பொதி சிதையாமல் வந்து சேர்ந்ததா என்று சரிபார்த்துக் கருவி ஓர் ஒப்புகை அனுப்புகிறது. அனுப்பிய நிரலுக்கு 'மூன்று' என்ற எண் விடையாகக் கிடைக்கிறது. அந்த எண்ணுக்கு மூன்று பைட்டுகள் சேர்ந்தன என்பதைத் தவிர வேறு பொருளில்லை. கொறடு பொருளைப் பற்றியிருந்தாலும், நழுவவிட்டிருந்தாலும், இடையில் யாரோ விரலை நீட்டி நசுங்கியிருந்தாலும் விடை மூன்றுதான். ஏவல் சேர்ந்தது என்ற அறிவுக்கும் செயல் நிகழ்ந்தது என்ற அறிவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, ஹியூம் பக்கவாத நோயாளியிடம் கண்ட அதே இடைவெளியாகும். இடைவழி முழுவதும் தெரிந்த பிறகும் அது மூடப்படவில்லை.

இந்த இடத்தில், இத்தகைய கரத்துக்கு நிரல் எழுதப் பயன்படும் மொழிகளில் ஒன்றான அடாவும், அது யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தப் பெண்மணியும் விசாரணைக்குள் வருகின்றனர். 1815 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த அடா லவ்லேஸ், சார்ல்ஸ் பாபேஜ் திட்டமிட்ட, முழுமையாக ஒருபோதும் கட்டி முடிக்கப்படாத பகுப்பாய்வு இயந்திரத்தைப் பற்றி இத்தாலியரான லூயிஜி மெனப்ரேயா எழுதிய கட்டுரையை 1843இல் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தைவிடப் பன்மடங்கு நீண்ட குறிப்புகளை அதனோடு சேர்த்தார். அந்த இயந்திரம் எதையும் தானாகத் தோற்றுவிப்பதாக உரிமை கொண்டாட முடியாது, எவ்வாறு செய்ய வேண்டும் என்று மனிதர் ஏவத் தெரிந்துகொண்டதை மட்டுமே அது செய்யும் என்பது அக்குறிப்புகளில் அவர் கூறிய கருத்து. 1950இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் இதை 'லவ்லேஸ் சீமாட்டியின் மறுப்பு' என்று பெயரிட்டு, இயந்திரங்கள் தம்மைப் பலமுறை வியப்பில் ஆழ்த்தியதுண்டு என்று விடை கூறினார். இருவரின் வழக்கும் இயந்திரம் சிந்திக்குமா என்ற திசையிலேயே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. லவ்லேஸின் கூற்றில் உள்ள 'ஏவத் தெரிதல்' என்ற நிபந்தனை அதைவிடக் கனமானது. ஏவத் தெரியாததையும் மனிதர் ஏவிவிட முடியும், மேசைமேல் உள்ள கரம் அதையும் தயங்காமல் செய்யும் என்ற உண்மை அதற்குள் அடங்கியிருக்கிறது.

தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் மூன்றாம் வேற்றுமையின் பொருளை விளக்கும்போது வகுத்துள்ள ஒரு பாகுபாடு, இந்த உண்மையைக் கூர்மையாகச் சொல்ல உதவுகிறது. வினைமுதலாகிய கருத்தாவை அவர்கள் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரண்டாகப் பிரிப்பர். அரசனால் கோயில் கட்டப்பட்டது என்னுமிடத்து அரசன் ஏவுதற் கருத்தா. தச்சனால் கட்டப்பட்டது என்னுமிடத்துத் தச்சன் இயற்றுதற் கருத்தா. தச்சன் கையில் உள்ள உளி இவ்விரண்டிலும் சேராது, அது கருவி. அரசன் உளிக்கு ஆணையிடுவதில்லை, தச்சனுக்கே ஆணையிடுகிறான். ஆணையில் சொல்லப்படாத எத்தனையோ செய்திகளைத் தச்சன் தன் அறிவால் நிரப்பிக்கொள்கிறான். சுவர் சாய்ந்தால் வேலையை நிறுத்துகிறான், மரத்தில் கணுவைக் கண்டால் உளியின் கோணத்தை மாற்றுகிறான், குழந்தை குறுக்கே வந்தால் கையை மடக்கிக்கொள்கிறான். அரசனின் ஏவல் குறையுடையதாக இருந்தும் கோயில் எழுவதற்கு இயற்றுவோனின் இந்தக் கவனமே காரணம்.

யூ.எஸ்.பி. கரத்தில் அந்த இடம் காலியாக உள்ளது. ஏவுதற் கருத்தாவுக்குக் கீழே நேராகக் கருவி இருக்கிறது. கோணலைக் கண்டு தானே நிறுத்தும் இயற்றுவோன் நடுவில் இல்லை. பார்வைக்கு மனிதக் கையை ஒத்திருப்பதால் அக்கரத்தை இயற்றுவோன் என்று எண்ணிவிடுவது எளிது. அவ்வாறு எண்ணுவதே பிழையின் ஊற்று. எனவே ஏவுகிறவர் இரு கடமைகளையும் தாமே ஏற்க நேர்கிறது: என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதோடு, எப்போது நிற்க வேண்டும் என்பதையும், எவையெல்லாம் சொல்லப்படவே கூடாது என்பதையும், செயல் தொடங்குவதற்கு முன்பே, தாம் அருகில் இல்லாத நேரத்துக்கும் சேர்த்து, எழுதிவைக்க வேண்டும். கருவி வழியாகச் செயல்படுவோரின் பொறுப்பு தொடக்கத்தைக் காட்டிலும் நிறுத்தத்திலேயே மிகுதியாகத் தங்கியிருக்கிறது என்று இதிலிருந்து துணியலாம்.

அடா மொழி இந்தக் கடமைக்காகவே வடிவமைக்கப்பட்டது என்று கூறுவது மிகையாகாது. ஆயுதங்களிலும் வானூர்திகளிலும் பதிந்து இயங்கும் கணினிகளுக்கு நூற்றுக்கணக்கான நிரல்மொழிகள் பயன்பட்டு வந்த குழப்பத்தைத் தீர்க்க, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1970களின் நடுவில் முயற்சி தொடங்கி ஒரு போட்டியை நடத்தியது. பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறப்பெயர் பெற்ற நான்கு முன்மொழிவுகளில், ழான் இஷ்பியா தலைமையிலான பிரெஞ்சுக் குழுவின் பச்சை 1979இல் தேர்வு பெற்று அடா என்று பெயரிடப்பட்டது. அதன் இராணுவத் தர ஆவணத்துக்கு லவ்லேஸ் பிறந்த ஆண்டான 1815 என்ற எண்ணே வழங்கப்பட்டது. பொழுதுபோக்கு ரோபோக்களுக்குப் பெரும்பாலோர் பைதானையோ சி மொழியையோ நாடுகின்றனர். அடாவை நாடுவோர் சிலரே. ஆயினும் ஜிநாட் என்னும் அதன் தொகுப்பி கட்டணமின்றிக் கிடைப்பதாலும், சி மொழியில் எழுதப்பட்ட லிப்-யூ.எஸ்.பி. என்னும் நிரலகத்தை அடாவுக்குள் இறக்குமதி செய்ய மொழியிலேயே வழி இருப்பதாலும், அந்தச் சிலரின் பாதையில் பெரிய தடை எதுவும் இல்லை.

அடாவின் தனித்தன்மை அதன் வகைக் கோட்பாட்டில் இருக்கிறது. வகை என்பது ஒரு மாறி எந்தெந்த மதிப்புகளை ஏற்கலாம் என்று முன்கூட்டியே வரையறுப்பது. மோட்டாரின் இயக்கத்தை வெறும் எண்ணாக எழுதாமல், நில், முன்னோடு, பின்னோடு என்னும் மூன்று பெயர்களை மட்டும் கொண்ட வகையாக அறிவித்து, அவை முறையே 0, 1, 2 என்ற எண்களாக, பைட்டின் இன்ன பிட்டுகளில் அமர வேண்டும் என்றும் நிரலிலேயே எழுதலாம். இரண்டு பிட்டுகளால் நான்கு சேர்க்கைகள் உருவாக முடியும். நான்காவதான 11 எந்த இயக்கத்தையும் குறிக்காத சேர்க்கை. வெறும் பைட்டாக எழுதும்போது ஒரு கூட்டல் பிழையால் அது கம்பியில் ஏறிவிடலாம். மேற்சொன்ன வகைக்குள் நின்று எழுதுவோருக்கு அதைச் சொல்லச் சொல்லே இல்லை. தீய சொல்லைப் பேசாதிருத்தல் அடக்கம். அதைப் பேச இயலாதபடி தன் மொழியையே முன்கூட்டிக் கட்டுப்படுத்திக்கொள்ளுதல் நோன்புக்கு நெருங்கிய செயல். நோன்பு ஏற்பவர் ஒவ்வொரு தருணத்திலும் புதிதாக முடிவெடுப்பதில்லை. தம் மன உறுதி தளரக்கூடும் என்பதை அறிந்து, தெளிவான நேரத்தில் எடுத்த முடிவைத் தளர்ந்த நேரத்துக்கும் சட்டமாக்குகிறார்.

கால அளவிலும் இதே கட்டுப்பாடு இயலும். கோணத்தை அறிய வழியில்லாததால் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதை மட்டுமே வரையறுக்க முடியும். சுழியிலிருந்து இரண்டு விநாடி வரை என்று வரம்பிட்ட வகைக்கு இருபது என்ற மதிப்பு வந்தால், கட்டளை புறப்படுவதற்கு முன்பே நிரல் விதிவிலக்கு எழுப்பி மறுத்துவிடும். அந்த மறுப்பு வேறொரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்தால் ஓடுகின்ற மோட்டாரை யார் நிறுத்துவது? 1995ஆம் ஆண்டுத் தரத்தில் அடாவுக்குச் சேர்ந்த இறுதிச்செயல் என்னும் வசதி இதற்கு விடை தருகிறது. கரத்தைக் குறிக்கும் பொருள் ஒரு நிரற்பகுதிக்குள் பிறந்து, அப்பகுதி முடியும்போது மறைகிறது. முடிவு இயல்பாக வந்தாலும், பிழையால் இடையில் வந்தாலும், மறைவதற்கு முன் அதற்கென எழுதிய இறுதிச்செயல் நிகழ்ந்தே தீரும். மூன்று பைட்டுகளையும் சுழியாக்கி அனுப்புவதே அந்த இறுதிச்செயல் என்று எழுதிவைத்தால், தொடங்கும்போதே நிறுத்தமும் உடன் எழுதப்பட்டுவிடுகிறது.

எனினும் இந்த நோன்புக்கும் எல்லை உண்டு. 'அரை விநாடி காத்திரு' என்று எழுதினால், அரை விநாடிக்குக் குறையாமல் காத்திருப்பதை மட்டுமே மொழி உறுதியளிக்கிறது. கணினி வேறு வேலையில் மூழ்கியிருந்தால் நிறுத்தும் கட்டளை பிந்திப் புறப்படும். இயக்கமுறைமை நிரலை ஒரேயடியாகக் கொன்றுவிட்டால் இறுதிச்செயலுக்கு வாய்ப்பே கிடைக்காது. இவற்றைவிட ஆழமான எல்லை 1996 ஜூன் 4 அன்று வெளிப்பட்டது. அன்று முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியான் 5 ஏவூர்தி, சுமார் 40 விநாடிகளில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் பாதை விலகிச் சிதறி, தாங்கிச் சென்ற நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களையும் இழந்தது. அதன் திசையறி அமைப்பின் நிரல் அடாவில் எழுதப்பட்டதே. 64 பிட் எண்ணொன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மதிப்பு கொள்ளளவை மீறியது. மொழி தன் கடமைப்படி விதிவிலக்கை எழுப்பியது. அதைப் பிடித்துக் கையாள ஏற்பாடில்லாததால் கருவி நின்றது. அதே நிரலைத் தாங்கிய மாற்றுக் கருவியும் கணநேரம் முன்பே அவ்வாறே நின்றிருந்தது. இடருக்கு உட்பட்ட ஏழு மாறிகளில் நான்குக்குக் காப்பு எழுதப்பட்டு மூன்று விடப்பட்டிருந்தன. மிக்க இடைவெளி இருப்பதால் அவை வரம்பை எட்டா என்ற கணிப்பு, வேறு பாதையில் பறந்த முந்தைய ஏரியான் 4க்குப் பொருந்தியது, 5க்குப் பொருந்தவில்லை. நிரல் எழுதியோர் அசட்டையாக இருந்தனர் என்று இதைப் படிப்பது நேர்மையாகாது; அவர்கள் ஆராய்ந்தே விட்டனர். ஓர் உலகத்தைக் கண்டு எழுதிய நோன்பு, காணாத மற்றோர் உலகத்தில் நிறைவேற்றப்பட்டது என்பதே அங்கு நேர்ந்தது.

ஆகவே சொல்லின் ஒழுங்கு மட்டும் போதாது, காணுதலும் வேண்டும். தெகார்த் 1641இல் தம் ஆறாம் தியானத்தில், கப்பலில் மாலுமி இருப்பதுபோல உயிர் உடலில் இருக்கவில்லை என்று வாதிட்டார். கப்பல் உடைந்தால் மாலுமி அதைக் கண்ணால் பார்த்து அறிகிறான், உடல் புண்பட்டாலோ உயிர் வலியாகவே அறிகிறது. யூ.எஸ்.பி. கரத்தின் முன் அமர்ந்திருப்பவர் அந்த மாலுமியின் நிலையில் இருக்கிறார். நிரலோ கண்ணும் இல்லாத மாலுமி. 1957இல் மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம் 'இன்டென்ஷன்' என்ற நூலில், தான் செய்வது இன்னது என்று செய்பவன் உற்றுநோக்காமலே அறியும் அறிவைக் கருத்தோடு கூடிய செயலின் அடையாளமாகக் கொண்டார். அந்த அறிவு மூன்று பைட்டுகளை அனுப்பும்வரை ஏவுவோரிடம் உண்டு. பைட்டுகள் கம்பியைக் கடந்தபின் அது அவரை விட்டு நீங்குகிறது, செயலோ நீங்காமல் அவருடையதாகவே தொடர்கிறது. இந்த முரணே கருவி வழிச் செயலின் நெருக்கடியாகும்.

சைவ சித்தாந்தம் இயக்குபவனுக்கும் இயக்கப்படுவதற்கும் உள்ள உறவைப் பேசுமிடத்தில் இந்த நெருக்கடிக்கு நேரான ஒரு கருத்து காணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் பதினோராவது, உயிர் கண்ணுக்குக் காட்டுவதோடு தானும் உடன்காண்பதுபோல, இறைவனும் உயிருக்குக் காட்டுவதோடு உடனிருந்து காண்கிறான் என்கிறது. உரைகாரர்கள் இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று பிரிப்பர். இயக்குதலை ஒருவழி ஏவலாக இந்த மரபு கருதவில்லை. உடன்காணாத இயக்கம் அதன் கண்ணில் முழுமையான இயக்கமே ஆகாது. இறைவனைக் கணினி முன் அமர்ந்த நிரலாளரோடு ஒப்பிடும் எளிய உவமைகள் தோற்றுப்போவது இவ்விடத்தில்தான். நிரலாளர் காட்டுகிறார், உடன்காண்பதில்லை. அவ்வுவமை இறைவனைப் பற்றி எதையும் விளக்காமல், மனித ஏவலில் எது குறைகிறது என்பதை மட்டும் விளக்குகிறது.

அந்தக் குறையைப் பொறியியலால் ஓரளவு நிரப்பலாம். மூட்டுதோறும் கோணம் அளக்கும் உணரியைப் பொருத்தி, உள்ளே ஒரு நுண்கட்டுப்படுத்தியை வைத்து, கணினியிடமிருந்து குறித்த நேரத்துக்குள் அடுத்த சொல் வராவிட்டால் எல்லா மோட்டார்களையும் தானே நிறுத்தும் காவற்கடிகையை அதில் எழுதினால், கம்பி அறுந்தாலும் கணினி உறைந்தாலும் கரம் நின்றுவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யாமல் அத்தகைய கரத்தை இயக்குவது தகாது. அப்போது கரம் இயற்றுதற் கருத்தாவின் பங்கில் ஒரு சிறு கூறைப் பெற்றுவிட்டதுபோல் தோன்றும். ஆனால் நின்றது கரமாயினும், எவ்வளவு நேரம் மௌனத்தைப் பொறுக்கலாம் என்று தீர்மானித்தவர் கடிகையை எழுதியவரே. அவர் காலத்தால் முந்திய மற்றோர் ஏவுதற் கருத்தா. அந்த நேரம் ஒரு குழந்தையின் விரலுக்கு மிக நீண்டதாக இருந்தால், அன்று விசையை அழுத்தியவரோடு, என்றோ அந்த எண்ணை எழுதியவரும் அச்செயலைச் செய்தவராகிறார்.